ஆம்புலன்ஸ் இல்லாமல் ஆட்டம் இல்லை

எங்கள் மைதானத்து நாற்காலிகள் நீலமாகத்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான், மேடம். பச்சை என்றால் புல்லோடு கலந்துவிடும். சிவப்பு இரண்டு கோடை வெயிலில் வெளுத்துப் போகும். நீங்கள் உள்ளே வரும்போது அதைப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள், அதனால் சொல்கிறேன். உட்காருங்கள். காபியைச் சூடாகக் குடித்துவிடுங்கள்.

மிலோன்யாவைப் பற்றி விசாரிக்கத்தான் தலைநகர் போட்கோரிட்சாவிலிருந்து இவ்வளவு தூரம் மலையேறி வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற மிலோன்யா. அவன் மேல் ஒரு தப்பும் இல்லை, விட்டுவிடுங்கள். முழுவதையும் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆட்டத்தைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. ஆட்டத்தைச் சொல்வதென்றால் எனக்குச் சந்தோஷம்தான்.

போன பருவத்தில் எங்கள் யாவோர்னா அணி லீக்கில் மூன்றாவதாக வந்தது. எங்களுக்கே ஆச்சரியம். அப்படி வந்தால் ஐரோப்பியக் கோப்பையின் முதல் தகுதிச் சுற்றில் ஆட இடம் கிடைக்கும். பேர் பெற்ற கிளப்புகளெல்லாம் கடற்கரையில் கால் நீட்டிப் படுத்திருக்கும் ஜூலை மாதத்தில், எங்களைப் போன்றவர்கள் பந்திக்கு இடம் கிடைக்குமா என்று கல்யாண வீட்டு வாசலில் முட்டி மோதுகிற சுற்று அது. உள்ளே போனாலும் இலை போடுவதற்குள் எழுப்பி விடுவார்கள். இருந்தாலும் வாசல்வரை வந்துவிட்டோமே, அது சின்ன விஷயமா?

எங்களுக்கு முன்னால் இந்த இடம் பிடித்த மலையூர் அணிகளெல்லாம் சொந்த மைதானம் சரியில்லையென்று தலைநகருக்குப் போய், யாரும் வராத அரங்கத்தில் ஆடித் தோற்றுத் திரும்பியவைதான். நம் ஊரில்தான் ஆட வேண்டும் என்று கிளப் செயலாளரான நான் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரித்தவர்களே வேலைக்கு வந்தார்கள். பள்ளி ஆசிரியைகள் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். பாதிரியார் கோல் கம்பங்களுக்குப் புனித நீர் தெளித்தார், இரண்டு கம்பங்களுக்கும் சமமாக. மேட்டுப் பக்கம் மேய்கிற ஆடுகளை மட்டும்தான் எந்த விதியாலும் கட்டுப்படுத்த முடியவில்லை. அவை ஆட்டத்தன்றும் வேலி வழியே எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன.

கோப்பையை நடத்துகிற மேலிடம் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டது. ஒன்றில்தான் கறார். ஆம்புலன்ஸ் மைதானத்துக்குள் நிற்காமல் பந்து உருளக் கூடாது. ஆட்டத்தின் நடுவில் அது வெளியே போனால், இன்னொன்று வந்து சேரும்வரை ஆட்டம் நிற்கும். எங்கள் ஊரில் இருப்பது ஒன்றே ஒன்று. அடுத்தது கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டும். வருவதற்குள் இருட்டிவிடும். எங்கள் மைதானத்தில் விளக்கு கிடையாது.

ஆகவே அன்றைக்கு அந்த வண்டி எங்கள் அணியின் பன்னிரண்டாவது ஆட்டக்காரன். சுகாதார நிலையத்து நர்சுகளுக்கும் ஆட்டம் பார்க்க ஆசை இருக்காதா? அவசர அழைப்புகள் என் கைபேசிக்கு வரும்படி நான்தான் மாற்றி வைத்தேன். ஒரு விஷயம் வந்தால் நான் மிலோன்யாவுக்குச் சொல்வேன். நான் சொல்லாமல் அவன் வண்டியை எடுக்கக் கூடாது. எல்லோருக்கும் வசதியான ஏற்பாடு.

சுற்றுக்கு இரண்டு ஆட்டம், ஆளுக்கொரு ஊரில், கோல்களைக் கூட்டித்தான் முடிவு. முதல் ஆட்டம் வடக்கே குளிர்கடலில் இருக்கிற ஃபாரோ தீவில். மழையிலும் காற்றிலும் ஆடி ஒன்றுக்குச் சுழியம் என்று தோற்றோம். பந்தை நாங்கள் உதைத்தால் காற்று அதைத் திருப்பி எங்களிடமே அனுப்பியது. மீன் பிடிக்கிறவர்கள், தச்சர்கள், ஒரு பல் டாக்டர் எல்லாம் சேர்ந்த அணி அது. நல்ல மனிதர்கள். ஆட்டம் முடிந்ததும் எங்களுக்கு உலர்ந்த ஆட்டுக்கறி கொடுத்தார்கள். வாசனையைச் சொல்ல வேண்டாம், ஆனால் மனசு பெரியது. அடுத்த வாரம் அவர்கள் இங்கே வந்தார்கள். எங்கள் ஜூலை வெயில் அவர்களுக்குப் பழக்கமில்லை. பேருந்திலிருந்து இறங்கும்போதே முகமெல்லாம் தக்காளியாகிவிட்டது. ஊர்ப் பெண்கள் பாவப்பட்டு மோர் கொடுத்தார்கள்.

ஓப்ராத் மட்டும் ஆட்டத்துக்கு வரவில்லை. நீங்கள் கேட்க வந்த ஓப்ராத்தேதான். நானும் அவனும் ஒரே அணியில் ஆடியவர்கள். அவன் கோல்கீப்பர், நான் இடது பக்கத் தடுப்பு. அவன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் நான். அந்த உறவு எங்கள் பக்கத்தில் எப்பேர்ப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதயம் பலவீனமாகிவிட்டதென்று டாக்டர் அவனை மைதானத்துப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லியிருந்தார். ஆட்டத்தன்று மதியம் அவனைப் பார்க்கப் போனேன். கச்சமாக் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அதுவும் வெண்ணெய் மிதக்க மிதக்க.

“டேய் செயலாளரே, இன்னிக்கு நீ எறங்கி ஆடலயே? எதிரி எனக்குப் போட்ட கோல விட நீ எனக்குப் போட்ட கோல்தான்டா அதிகம்” என்றான்.

“வாய மூடிட்டு ரேடியோவக் கேளு” என்றேன்.

“ரேடியோ எதுக்கு? ஜன்னலத் தொறந்தா சத்தமே சொல்லிடும். ஜெயிச்சிட்டு வா. இல்லாட்டி இந்தப் பக்கம் வராத.”

அவன் வீடு மைதானத்துக்கு எதிர் மேட்டில்தான். நடுவில் ஆறு, ஒரு பாலம். பார்வையாளர் மாடத்தில் என் நாற்காலியிலிருந்து பார்த்தால் அவன் வீட்டு வாசற்கதவு தெரியும். ஆம்புலன்ஸ் போய்ச் சேர ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம் போதும்.

ஆட்டம் எப்படி இருந்தது தெரியுமா? எங்கள் முன்கள ஆட்டக்காரன் ரொட்டி சுடுகிறவன். விடியலிலிருந்து அடுப்புச் சூட்டில் நிற்கிறவனுக்கு அந்த வெயில் ஒரு பொருட்டா? இடைவேளைக்கு முன்னால் தலையால் முட்டி ஒரு கோல் போட்டான். மொத்தக் கணக்கில் சமம். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மேயர் தன் தொப்பியை வீசினார், இன்றுவரை அது கிடைக்கவில்லை. ஃபாரோக்காரர்கள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார்கள். பல் டாக்டர் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். இன்னும் ஒரு கோல் எந்த நேரமும் விழும் என்று ஆடுகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

இரண்டாம் பாதி ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் லூபிங்கா கூப்பிட்டாள். ஓப்ராத்தின் மனைவி. சுகாதார நிலையத்துக்குத்தான் அடித்திருக்கிறாள், என் குரல் கேட்டதும் அவளுக்கு நிம்மதி.

“அண்ணே, நல்லவேளை நீங்களே எடுத்தீங்க. அவருக்கு நெஞ்சு வலிக்குதாம். வேர்த்துக் கொட்டுது. வண்டிய அனுப்புங்கண்ணே.”

“அனுப்புறேம்மா. சட்டை பொத்தானக் கழட்டிவிட்டு உக்கார வை. பதறாத.”

வண்டி கோலுக்குப் பின்னால்தான் நின்றது. மிலோன்யா அதன் படியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். நான் கையைத் தூக்கியிருந்தால் பார்த்திருப்பான். என்னைப் பார்த்து அவன்தான் கையசைத்தான். நானும் அசைத்தேன். அவ்வளவுதான். அவனுக்கு எதுவும் தெரியாது என்பதை இங்கே தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. நெஞ்சு வலி எல்லாமே சாவு வலி இல்லை. வெண்ணெய் தின்றால் யாருக்கும் வலிக்கும். ஆட்டம் முடிய ஒரு மணி நேரம்கூட இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அந்த வீட்டுப் பக்கம் பார்த்தேன். லூபிங்கா வாசலில் நின்று பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு மரக்கடைக்காரன் தன் பிக்கப் வண்டியை அவர்கள் வாசலுக்குப் பின்னோக்கி எடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வேறு வழியே இல்லை, மேடம். கணவாய்க்கு அப்பால் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோடு மைதானத்து வாசலை ஒட்டித்தான் போகிறது. ஹார்ன் அடித்துக்கொண்டு வருவான். கதவருகே நிற்கிறவர்கள் விசாரிப்பார்கள். ஊர் டாக்டரும் மைதானத்துக்குள்தான் இருக்கிறார், விஷயம் தெரிந்ததும் இறங்கி ஓடி ஆம்புலன்ஸைக் கிளப்பிவிடுவார். அதற்குப் பிறகு நடுவர் பந்தைக் கையில் எடுத்துவிடுவார்.

அதனால் இந்தத் தடவை நானே கூப்பிட்டேன்.

“லூபிங்கா, அவன அசைக்காதீங்க. அந்த வண்டில போட்டுக் குலுக்கிக் கொண்டுபோனா வழியிலயே போயிருவான். ஆம்புலன்ஸ் கெளம்பிடுச்சு.”

“கெளம்பிடுச்சாண்ணே?”

“கெளம்பிடுச்சும்மா. மரக்கடைக்காரன வண்டிய நகத்தச் சொல்லு, வாசல அடைச்சிட்டு நிக்கிறான் பாரு.”

அவள் நன்றி சொன்னாள். பிக்கப் நகர்ந்தது. ஆம்புலன்ஸ் திரும்ப வசதியாக ரோட்டோரமாகவே நிறுத்திவிட்டு அவனும் இறங்கி நின்றான். நல்ல பண்புள்ள ஆள்.

இரண்டாவது கோல் விழுந்தது அப்போதுதான். ரொட்டிக்காரன் பந்தை இரண்டு பேருக்கு நடுவில் ஊசியில் நூல் கோப்பதுபோல் நுழைத்து, மூலையில் போட்டான். என் ஆயுளில் அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதில்லை. மலை மூன்று தடவை திருப்பிச் சொன்னது. பாதிரியார் என்னைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார், தாடி குத்தியது. அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

மறுபடியும் கைபேசி அடித்தது. இந்தத் தடவை லூபிங்காவின் குரல் மெலிந்திருந்தது. “பாலத்துல ஒண்ணையும் காணோமேண்ணே” என்றாள். கூட்டம் ரோட்டை மறிக்கிறது, இதோ வந்துவிடும் என்றேன்.

“அவரு ஏதோ கேக்குறாருண்ணே. ஸ்கோர் என்னான்னு.”

“ரெண்டுக்குச் சுழியம்னு சொல்லு. நாமதான்.”

அவள் சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு, “சிரிக்கிறாருண்ணே” என்றாள். இந்த ஒரு விஷயத்தை நீங்கள் கண்டிப்பாக எழுதிக்கொள்ள வேண்டும். அவனுக்கு ஸ்கோர் தெரியும். அதற்குப் பிறகு கைபேசியை அணைத்துவிட்டேன். கடைசி நிமிடங்களில் கவனம் சிதறினால் தாங்காது.

முடிவு விசில் ஊதியதும் முதல் காரியமாக மிலோன்யாவிடம் ஓடினேன். மேயர் கட்டிப்பிடிக்க வந்தார், அவரைக்கூட விலக்கிவிட்டுத்தான் ஓடினேன். டாக்டரையும் ஏற்றிக்கொண்டு வண்டியில் நானே ஏறி உட்கார்ந்தேன். சைரன் போட்டுக்கொண்டு போனோம். ஜனங்கள் அதையும் கொண்டாட்டம் என்று நினைத்து, வழியெல்லாம் வண்டியின் மேல் தட்டி ஆடினார்கள். ஓப்ராத் ஜன்னலோர நாற்காலியில் இருந்தான். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். முன்னமே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பான் என்று அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். என்னிடமும் சொன்னார். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

லூபிங்கா மிலோன்யாவின் சட்டையைப் பிடித்து, “எங்கடா போன?” என்று கேட்டாள். அவன் முழித்தான். கூட்டத்தில் மாட்டிக்கொண்டான் என்று நான்தான் குறுக்கே சொன்னேன். அதற்குள் ஊரில் வேறு மாதிரி பேச்சு கிளம்பிவிட்டது. ஆட்டம் பார்க்கிற ஆசையில் அவன் வண்டியை எடுக்கவில்லை என்று. அவன் வீட்டு ஜன்னல்களை உடைத்தார்கள். ரொட்டிக்காரன் மிலோன்யாவின் மனைவிக்கு ரொட்டி விற்க மறுத்தான். மிலோன்யா என்னிடம் வந்து, “நீங்க சொல்லவே இல்லையேண்ணே, எல்லார்கிட்டயும் அதச் சொல்லுங்கண்ணே” என்று கும்பிட்டான். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அடுத்த வாரம் இரண்டாம் சுற்று. அந்த நேரத்தில் ஊரில் ஒரு குழப்பம் கிளம்பினால் பையன்கள் எப்படி ஆடுவார்கள்? கொஞ்சம் பொறுத்துக்கோ தம்பி என்று தோளில் தட்டி அனுப்பினேன்.

ஓப்ராத்துக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. சவப்பெட்டியின் மேல் கிளப் கொடியைப் போர்த்தினேன். இரண்டாம் சுற்றில் எல்லோரும் கறுப்புப் பட்டை கட்டி ஆடினார்கள். ஐந்து கோல் வாங்கினோம், திரும்ப இங்கே ஆடியபோது நான்கு. அதனாலென்ன, இரண்டாம் சுற்றில் ஆடிய அணி என்று எங்களை இனி யாரும் அழிக்க முடியாது. லூபிங்கா இன்னமும் எனக்குப் பிளம் ஜாம் கொடுத்தனுப்புகிறாள். நீங்கள் அவளிடம் போவதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன். அந்த நேரத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரு முகம் பக்கத்தில் இருப்பது நல்லது.

இப்போது நீங்கள் கேட்ட அந்தக் கேள்விக்கு வருகிறேன். ஆட்டம் நின்றிருந்தால் நாங்கள் தோற்றதாக ஆகியிருக்காதே, மீதியை மறுநாள் காலை ஆடியிருக்கலாமே என்று மேலிடப் பிரதிநிதி உங்களிடம் சொல்லியிருக்கிறார். உண்மைதான். முந்தின நாள் கூட்டத்தில் என்னிடமும் அதையேதான் சொன்னார், நான் தலையாட்டினேன். ஆட்டத்தின்போதும் எனக்கு நான்கு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் மேடம், நீங்கள் இந்த மலையில் ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள். ஜூலையிலும் காலையில் எங்கள் ஊரில் பனிக்காற்று அடிக்கும், மேகம் புல்வரைக்கும் இறங்கி நிற்கும். ஃபாரோக்காரர்கள் ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்து, சொந்த ஊரில் இறங்குவதுபோல் இறங்கியிருப்பார்கள்.