உலகத்திலேயே பெரிய ஓட்டக்காரன்

நான் முடி வெட்டத்தான் சலூனுக்குப் போனேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், ஐயா. என் தலையில் வெட்டுவதற்கு என்ன இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கொட்டகலை பஜாரில் இருக்கும் கஜேந்திரனின் சலூனுக்குப் போவேன். பேப்பர் பார்ப்பேன், ஒரு பிளேன்டீ குடிப்பேன், விளையாட்டுப் பேச்சுக் கேட்பேன். கெட்ட பழக்கம் என்று வேறொன்றும் எனக்குக் கிடையாது.

நீங்கள் கேட்டது மேர்வினின் ரிப்போர்ட்டைப் பற்றி. அதற்கு வருகிறேன். சலூன் பேச்சைச் சொல்லாமல் ரிப்போர்ட்டை மட்டும் சொன்னால், இந்த ஜூட்சன் ஏதோ கவனக்குறைவாக இருந்துவிட்டான் என்று வாக்குமூலத்தில் எழுதிவிடுவீர்கள். இருபத்தாறு வருசமாகத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிறேன். ஒரு நாளும் கவனக்குறைவாக இருந்ததில்லை.

இந்த ஜனவரியில் ஒரு ஞாயிறு. உலகத்தில் இதுவரை பிறந்த விளையாட்டு வீரர்களில் ஆகப் பெரியவர் யார் என்று டிவியில் ஒரு நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தது. கஜேந்திரன் ஒருவருடைய தாடையில் நுரையைப் பூசிவிட்டு, சவரக் கத்தியைக் கையில் பிடித்தபடியே முகமது அலி என்றான். ஆட்டோ ஓட்டுகிற கிஷாந்த் சண்டைக்கு வந்தான்.

“பத்து செக்கனுக்குள்ள நூறு மீட்டர்ண்ணே. இதுக்கு மேல என்னா வேணும்? போல்ட்டுதான்.”

“ஏன், முரளிய விட்டுட்டீங்க? நம்மாளு இல்லையா?” என்றார் நுரையோடு இருந்தவர்.

நான் பேப்பரை மடித்து வைத்தேன். “எல்லாரும் தூரத்துலயே தேடுறீங்க. உலகத்துலயே பெரிய ஓட்டக்காரன் நம்ம தோட்டத்துல இருக்கான். மேர்வின்” என்றேன்.

சலூனில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அதற்குக் காரணம் உண்டு. மேர்வினைப் புகழ்வதற்கு இந்த மலையில் கடைசி ஆள் நான்.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டுக்குத் தோட்டத்தில் மரதன் ஓட்டம் வைத்தார்கள். பஜாரிலிருந்து மேல் டிவிசனில் கொழுந்து நிறுக்கிற மடுவம் வரை ஒன்பது கிலோமீற்றர் ஏற்றம், ரோடு மடங்கித் திரும்புகிற முடக்கு பதினொன்று. முடக்குக்கு முடக்கு தேயிலைக்கு நடுவே குறுக்குப் படிகள் உண்டு. வேலைக்குப் போகிறவர்கள் யாரும் ரோட்டைச் சுற்றிப் போவதில்லை, படியில் ஏறிவிடுவார்கள். ஓட்டக்காரர்கள் மட்டும் ரோட்டிலேயே ஓட வேண்டும் என்பது விதி. முதலாவதாக வருகிறவனுக்குத் தோட்டத்து ஆபிஸில் வேலை, இருக்கக் குவார்ட்டர்ஸ் என்று தோட்டத்தை நடத்துகிற துரை சொல்லியிருந்தார். தொழிலாளர் லயத்தில் ஒற்றைக் காம்பராவில் ஏழு பேரோடு படுத்து எழும்புகிறவனுக்கு அது என்ன என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

நான் முதலாவதாக வந்தேன். மேர்வின் இரண்டாவது. வந்தவன் மூச்சுக்கூட வாங்காமல் நேராகத் துரையிடம் போய், ஜூட்சன் ஏழாம் முடக்கில் குறுக்கால் ஏறினான், என் கண்ணால் கண்டேன் என்றான். அன்றைக்கு நல்ல மூடுபனி. வேறு சாட்சி கிடையாது. எங்கள் இருவரையும் மாதா சுரூபத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மேர்வின் கையை வைத்துச் சத்தியம் செய்தான். நான் செய்யவில்லை. முதலாவதாக வந்தவன் எதற்கு ஐயா சத்தியம் செய்ய வேண்டும்? அன்றும் அதைத்தான் கேட்டேன், இன்றும் அதைத்தான் கேட்கிறேன்.

வேலை அவனுக்குப் போனது. எனக்குக் ‘குறுக்கு ஜூட்சன்’ என்று பெயர் வந்தது. மறுநாள் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற என் அப்பாவிடம் கங்காணி கேட்டாராம்: “என்னா றோலண்டு, ஒம் மகன் வேலைக்கும் குறுக்காலதான் வருவானா?” இருநூறு பேர் சிரித்திருக்கிறார்கள். அப்பா அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. மூன்று வருசம் கழித்துச் செத்தபோதும் பேசவில்லை. அவர் மேல் எனக்கு வருத்தம். மேர்வின் மேல் வெறுப்பு. இரண்டையும் நான் ஒரு நாளும் குழப்பிக்கொண்டதில்லை.

அப்படிப்பட்ட நான் மேர்வினைப் புகழ்ந்ததும் கஜேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஒங்களுக்குப் பெரிய மனசுண்ணே” என்றான். அன்று பிளேன்டீக்குக் காசு வாங்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான் வழக்கு வாதாடினேன். போல்ட் ஓடியது சமமான தரையில், நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு. மேர்வின் ஓடியது மலையில், வெறுங்காலில். முந்தின நாள் சாயந்திரம்வரை உரமூட்டை தூக்கியவன். அலிக்குப் பின்னால் எத்தனை பேர் நின்றார்கள், சாப்பாட்டுக்கு ஒருவர், உடம்பு பிடித்துவிட ஒருவர். மேர்வினுக்குப் பின்னால் யார் நின்றார்கள்? ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு ஓடியவனை அவர்களோடு ஒரே கோட்டில் நிறுத்திப் பாருங்கள் என்பேன். முதலில் சிரித்தார்கள். பிறகு யோசித்தார்கள். மாசி பிறப்பதற்குள் கஜேந்திரனே, வருகிற வாடிக்கையாளர்களிடம் என் வாதத்தைத் தன் வாதம் போலச் சொல்லத் தொடங்கிவிட்டான். நல்ல வாதம்தான். இப்போது யோசித்தாலும் அதில் எனக்குப் பிழை தெரியவில்லை.

மாதா கோயில் பூசையில் பங்குச் சுவாமி என் பேரைச் சொல்லாமல் என்னைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். எதிரியை நேசிக்கிற ஒரு மனிதர் நமது பங்கிலேயே இருக்கிறார் என்றார். டோரீன், அதுதான் மேர்வினின் மனைவி, திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

மூன்றாவது ஞாயிறு மேர்வினே சலூனுக்கு வந்தான். தலைமுடியைக் கறுப்பாக்கியிருந்தான்.

“ஏன்டா இப்பிடி எல்லார்கிட்டயும் சொல்லித் திரியிற? கூச்சமா இருக்குடா” என்றான்.

“உள்ளதத்தானேடா சொல்றேன்” என்றேன்.

அவன் என் தோளைத் தட்டிவிட்டு, எனக்கும் சேர்த்துப் பிளேன்டீ சொன்னான். பகையாளி குடியை உறவாடிக் கெடு என்பார்கள். உறவாடுவது அவ்வளவு சிரமமாக இருக்காது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இப்போது ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். நான் மேர்வினை முதன்முதலில் புகழ்ந்த ஞாயிறுக்கு நாலு நாள் முன்பு, புதன்கிழமை, மருந்து எடுக்க நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். புதன்கிழமைகளில் தோட்டத்து ஆட்களின் ரிப்போர்ட்களையும் நானே வாங்கி வருவது வழக்கம். எல்லோருக்கும் ஒரு நாள் சம்பளம் மிச்சம். மேர்வின் படியேறும்போது நெஞ்சு இறுக்குகிறது என்று பரிசோதனை செய்திருந்தான். ரிப்போர்ட்டைக் கொடுத்த டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டுச் சிங்களத்தில் விளக்கினார். இருதயத்துக்குப் போகிற குழாய் அடைத்திருக்கிறது, உடனே கண்டி பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். “துவன்ன எப்பா கியன்ன” என்று இரண்டு தரம் சொன்னார். ஓட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள் என்று அர்த்தம். நான் தலையாட்டினேன்.

பஸ்ஸில் வரும்போது முழுவதும் யோசித்தேன். அவசரப்பட்டு ஒன்றும் செய்யவில்லை. கொட்டகலையில் இறங்கும்போது தெளிவாக இருந்தேன். ரிப்போர்ட் என் வீட்டு அலுமாரியில், வேதாகமத்துக்கு அடியில் இருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம்.

மேர்வினிடம் “வாயுடா, வேற ஒன்னுமில்ல” என்றேன். வெள்ளைப் பாணி மருந்து ஒரு போத்தல் கொடுத்தேன். வாயுவுக்கு அது நல்ல மருந்து.

உண்மையைச் சொன்னால் நான் அவனைத் தொடவேண்டிய தேவையே இருக்கவில்லை. அவனை ஓட வைத்தால் போதும். ஐம்பத்திரண்டு வயது வெல்ஃபெயார் ஒபிசர், தொப்பை வைத்தவன், சும்மா ஓடுவானா? கொம்பு சீவி விட வேண்டும். உலகத்திலேயே பெரிய ஓட்டக்காரன் என்று ஊரே சொல்ல வேண்டும். பிறகு யாராவது ஒருவன் சந்தேகப்பட வேண்டும். அதைச் சொல்லிக் கொடுக்காமலே கிஷாந்த் செய்தான். ஒருநாள் அவன் மேர்வினின் முகத்துக்கு நேரே, “அய்யா அப்ப ஓடுனது சரி. இப்ப ஏழாம் முடக்கு வர நடந்து காட்டுங்க, பாப்போம்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மேர்வினுக்கு அது முதல் தடவை.

முப்பதாவது வருச ஞாபகமாக அதே பாதையில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஓட்டம் வைக்கலாம் என்று புத்தாண்டு விழாக் கமிட்டியில் பிரேரித்தது நான். வழிமொழிந்தது மேர்வின்.

அவனை நான் கொல்வதற்காகத்தான் புகழ்ந்தேன். இதை இப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் பயிற்சி எடுத்தான். வாரத்தில் இரண்டு காலை வியர்வையோடு டிஸ்பென்சரிக்கு வந்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு வெள்ளைப் பாணி கேட்பான். ஊற்றிக் கொடுப்பேன். பங்குனியில் டோரீன் ஒரு கேக் துண்டோடு வந்தாள்.

“அண்ணே, ராவையில தூங்க மாட்டேங்கிறாரு. மூச்சு வாங்குது. இவரு ஓடலாமாண்ணே? நீங்க சொன்னா கேப்பாரு.”

“தாராளமா ஓடலாம் தங்கச்சி. ஓடாட்டித்தான் வருத்தம், நோய் எல்லாம் வரும்” என்றேன்.

கேக் நன்றாக இருந்தது. அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. வேறு ஆளைக் கட்டியிருக்கலாம்.

விழா அன்று காலை ஒன்பது மணிக்கு எட்டுப் பேர் புறப்பட்டார்கள். முதலுதவிக்கு நான். ஏழாம் முடக்கில் நிற்கிறேன், ஏற்றம் அங்கேதான் கடுமை என்று கமிட்டியிடம் சொல்லியிருந்தேன். பையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. நெஞ்சு வலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையும் இருந்தது. கடமையில் நான் குறை வைப்பதில்லை என்று சொன்னேனே.

மேர்வின் முன்னுக்கு வந்தான். நன்றாகவே ஓடினான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் வர ஐந்தாறு நிமிசம் ஆகும். முடக்கில் திரும்பி என்னைக் கண்டதும் கையை உயர்த்தப் பார்த்தான். கை பாதியில் நின்றது. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, பிறகு சாய்ந்துவிட்டான். முகம் சாம்பலாக இருந்தது.

“நெஞ்சு… ஏதாச்சும் குடுடா ஜூட்சா.”

மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அவனைச் சாகவிடத்தான் அங்கே நின்றேன். ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு ஒரு ஆசை வந்தது. அவன் வாயால் ஒரு வார்த்தை கேட்டால் விட்டுவிடலாம் என்று உண்மையாகவே நினைத்தேன்.

“இத நாக்குக்கு அடியில வச்சா சரியாயிரும். அதுக்கு முந்தி ஒன்னு சொல்லு. அன்னைக்கு நான் குறுக்கால ஏறலன்னு சொல்லு.”

அவன் என்னைப் பார்த்தான். “நான் பாத்தேன்டா” என்றான்.

நான் கையை மூடிக்கொண்டேன். அவசரப்படுத்தவில்லை. கீழே பஜார் ஒலிபெருக்கியில் யாரோ பெயர்கள் வாசித்தார்கள். அவன் நெஞ்சுச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் என் கால்சட்டையைப் பிடித்தான்.

“நீ ஏறல. நான்தான் பொய் சொன்னேன். மாதா மேல சத்தியம்டா. குடுடா.”

முப்பது வருசம் நான் காத்திருந்த வார்த்தை. சந்தோசம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. வந்தது கோபம். மாத்திரையை டப்பாவில் போட்டு மூடினேன். அவன் கை என் காலை விடும்வரை அங்கேயே நின்றேன். பிறகுதான் விசில் ஊதினேன்.

ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். நான் அன்றைக்கு அந்த முடக்கில் குறுக்குப் படியில் ஏறியது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்படியிருந்தும் ஒரு மாத்திரைக்காக மாதா மேல் பொய்ச் சத்தியம் செய்கிறான். அப்படிப்பட்ட மனிதனுக்கு நான் எப்படி ஐயா மருந்து கொடுப்பேன்?