கழட்டின தாழ்ப்பாள்

— ஏனுங்க, பாத்ரூம் கதவுல தாழ்ப்பாளைக் காணோமுங்க?

— கழட்டிப்போட்டேன் பொற்கொடி.

— கழட்டிப்போட்டீங்களா! சமையல்கட்டுல ஒழுகற பைப்பை மாத்தச் சொன்னா மட்டும் உங்க கை பீளமேட்டு பம்பு கம்பெனியிலயே மாட்டிக்கும். நான் தண்ணி வாத்துக்கப் போற நேரத்துக்கு ஸ்க்ரூ டிரைவர் தானா வந்துருதாக்கும்!

— செரி அம்மணி. மொதல்ல கையை நீட்டு, பிளாஸ்டிக் கவரைச் சுத்தி உட்டர்றேன்.

— சுத்துங்க, சுத்துங்க. மோட்டாருக்குக் காயில் கட்டறாப்புல! கை பூரிக்கட்டையாட்டம் ஆனாத்தான் உங்களுக்குத் திருப்தி.

— கையில போட்ட லைனு மேல ஒரு சொட்டு ஈரம் படக்கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லுச்சல்ல? கீமோ பூராவும் இதுலதான் ஏறோணும். நெஞ்சு வரைக்கும் போற குழாயி. கிருமி போயிருச்சுன்னா வம்பு.

— நர்ஸம்மா சொன்னா வேதவாக்கு. கட்டுன பொண்டாட்டி இத்தனை வருசம் சொன்னதெல்லாம் காத்தோட போச்சு.

— டேப்பு இறுக்குதா?

— டேப்பு இறுக்கலைங்க. முடியும் போச்சு, நாக்குல ருசியும் போச்சு. ஒரு சொம்புத் தண்ணிய மேல ஊத்திக்கறதுக்குக் கூடக் காவல் போடறீங்களே, அதுதான் இறுக்குது.

— நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கறேன்.

— ஆகா, எத்தனை பெரிய மனசு! சூலூர்ல இருந்து உங்கக்காவையும் வரச் சொல்லுங்க. ஒறம்பரை அத்தனை பேரையும் வரிசையா நிறுத்தி டிக்கெட்டுப் போடுங்க.

— கையைத் தூக்கியே வெச்சுக்கோ. சுடுதண்ணி வெலாவி வெச்சிருக்கறேன்.

— பேச்சை மாத்தாதீங்க. போன லைனு கழண்டு வந்த நாள்ல இருந்துதான் இந்தக் கூத்து. அதுக்கு முன்னால நான் உள்ளார போனா நீங்க டிவி முன்னாடிதானே கெடந்தீங்க?

— கெடந்தேன். இல்லேன்னு சொல்லல.

— டேப்பு ஊறிப்போயி அதுவா கழண்டுருச்சுன்னு டாக்டருகிட்ட நீங்கதானே சொன்னீங்க? அப்பறம் என்னுங்க, டேப்பை ஒழுங்கா ஒட்டிப்போட்டு வெளிய போங்க. கதவு என்னுங்க பாவம் பண்ணுச்சு? தாழ்ப்பாளை மாட்டுங்க. நான் தனியா இருக்கோணும்.

— மாட்ட மாட்டேன் கண்ணு. டாக்டருகிட்ட நான் சொன்னது பொய்யி. அன்னைக்கு டேப்பு நனையவே இல்ல. காஞ்ச டேப்பைப் பிச்சு, நீதான் லைனைப் புடுங்கிப்போட்டே.