எல்லாக் காலத்துக்குமான பதினொரு பேர்

எங்கள் கம்பெனியில் டீ பிரேக் பத்து நிமிடம்தான் சார். அதற்குள் கவாஸ்கரை அவுட்டாக்க யாராலும் முடியாது. அதனால் பேச்சு பாதியில் நிற்கும். சாப்பாட்டு நேரத்தில் மறுபடி தொடங்கும். ஷிப்ட் முடிந்து மத்திகிரிக்கு டவுன் பஸ் ஏறிய பிறகும் ஓயாது. இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பில், டை என்கிற அச்சை மாட்டிக்கொடுக்கும் செட்டராகத் தலை நரைத்தவன் நான். என் நல்ல பொழுதுகள் எல்லாம் இந்த வாயாடலில்தான் போயின.

நீங்கள் விசாரணை அதிகாரி. ராஜசேகரின் விபத்துக்கு ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு’ என்று அறிக்கை எழுதிவிட்டீர்கள். பிரஸ்ஸின் பாதுகாப்புச் சென்சாரை அவனே நிறுத்தி வைத்தான் என்றும் அதில் இருக்கிறதாம். அது தப்பு. தப்பான ஸ்கோரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. அதைத் திருத்திவிட்டுப் போகத்தான் வந்தேன், வேறொன்றுமில்லை.

முதலில் எங்கள் விவாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாக் காலத்துக்கும் சேர்த்து இந்தியாவின் சிறந்த பதினொரு பேர் யார் என்பதுதான் கேள்வி. கர்நாடகத்து அத்திப்பள்ளியிலிருந்து வரும் திம்மப்பன், பிரசன்னாவையும் சந்திரசேகரையும் விட்டுக்கொடுக்க மாட்டான். நான் வெங்கட்ராகவனை எப்படியாவது உள்ளே நுழைக்கப் பார்ப்பேன். காவிரிக்குக் கூட நாங்கள் அப்படி முறைத்துக்கொண்டதில்லை. ஆனால் தொடக்க ஆட்டக்காரர் கவாஸ்கர் என்பதில் எனக்கும் அவனுக்கும் பேச்சே கிடையாது. தலையில் ஹெல்மெட் இல்லாமல் வெஸ்ட் இண்டீஸ்காரர்களின் வேகத்துக்கு நெஞ்சு காட்டி நின்றவர்.

ராஜசேகருக்கு மட்டும் இது ஏறாது. கெலவரப்பள்ளி அணைப்பக்கத்துப் பையன், கல்யாணமாகி வருடம் இரண்டு ஆகியிருக்கும். வேலையில் சூரன். வாயில் அதைவிடச் சூரன். பழைய ஆட்டக்காரர்களை இந்தக் காலத்தில் இறக்கினால் ஒரு ஓவர் தாங்க மாட்டார்கள் என்பான்.

“அப்ப பந்தும் மெதுவு, பீல்டருக்கு எல்லாம் தொப்பைண்ணா. இப்ப இருக்கறவன் அடிக்கிற அடிய அவங்க கனவுல கூட பார்த்திருக்க மாட்டாங்க.”

“நீ மொதல்ல ஹெல்மெட்ட கழட்டி வெச்சிட்டு பேசுடா” என்பேன் நான். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். அவன்மேல் எனக்குப் பிரியம்தான். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆயுதபூஜை அன்று எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. பிரஸ்ஸுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி தின்றுகொண்டே எங்கள் ஷாப்புக்கும் ஒரு பதினொரு பேரைத் தேர்ந்தெடுப்போம். கம்பெனி தொடங்கிய நாள்முதல் இன்றுவரை பிரஸ் ஓட்டியவர்களில் சிறந்த பதினொரு பேர். தொரப்பள்ளி மாதப்பன்தான் எப்போதும் கேப்டன். சென்சார் என்ற பெயரே தெரியாத காலத்தில் ஓட்டி, ரிட்டையராகும்போது பத்து விரலையும் வீட்டுக்குக் கொண்டுபோன மனுஷன். எங்கள் சராசரி அதுதான் சார். விரல் முழுசாக இருந்தால்தான் அணியில் இடம். செட்டராகும் முன் நானும் அந்தக் காலத்தில் ஓட்டியவன், எனக்கும் முழுசாக இருக்கிறது. அதனால் வருடாவருடம் நானும் இருப்பேன்.

போன வருட ஆயுதபூஜையில் என்னை எடுத்துவிட்டு ராஜசேகரைப் போட்டார்கள். என்னைப் பன்னிரண்டாவது ஆள் என்றார்கள், தண்ணீர் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள். ராஜசேகர் ஒரு தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்து, “ஓடியாங்கண்ணா, தாகமா இருக்குது” என்றான். ஷாப்பே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு வருத்தமில்லை. ஆனால் தேர்வு சரியில்லை என்று மட்டும் தோன்றியது. ஒப்பிடுவதென்றால் இரண்டு பேரும் ஒரே ஆடுகளத்தில் ஆடியிருக்க வேண்டும் அல்லவா?

பழைய பிரஸ்ஸில் ஒரு ஒழுக்கம் உண்டு. கை வெளியே வந்த பிறகுதான் கால் பெடலை மிதிக்க வேண்டும். மாதப்பனுக்குத் தூக்கத்தில்கூட அது மாறாது. இப்போது பிரஸ்ஸின் வாயில் சென்சார் வைத்திருக்கிறார்கள். கை உள்ளே இருக்கும்வரை, பெடலை மிதித்தாலும் பிரஸ் இறங்காமல் காத்திருக்கும். ராஜசேகரின் பின்னால் நின்று நான் நாள்கணக்கில் கவனித்தேன். அவன் விரல் நுனி உள்ளே இருக்கும்போதே கால் பெடலில் அமுங்கிவிடும். கண்சிமிட்டும் நேரம்தான். அந்த நேரத்தைத்தான் எல்லோரும் அவனுடைய வேகம் என்று புகழ்ந்தார்கள். செட்டர் கண்ணுக்குத்தான் அது தெரியும். அவனே கவனித்திருக்க மாட்டான்.

அவனைக் கூப்பிட்டு “காலு முந்துது, பாத்துக்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொல்லியிருக்கலாம்தான்.

பொங்கல் கழிந்து ஒரு முதல் ஷிப்ட். அவனுடைய பிரஸ்ஸில் டை மாற்றினேன். டை மாற்றும்போது சென்சாரை நிறுத்தி வைக்க ஒரு பைபாஸ் சாவி உண்டு. மாற்றி முடித்ததும் அதைத் திருப்பிப் பழையபடி வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை. சாவியை மட்டும் உருவிக்கொண்டுபோய்ப் போர்டில் மாட்டினேன். சாவி எங்கே இருந்தது என்று விசாரணையில் கேட்டீர்கள், போர்டில் தொங்கியது என்றேன். அது பொய்யில்லை. சென்சார் நின்றிருந்தால் பிரஸ்ஸின் சுவிட்ச் பெட்டியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும். கை துடைக்கும் துணி ஒன்றை அதன்மேல் போட்டிருந்தேன். பிறகு ஒதுங்கி நின்று பார்த்தேன்.

அவன் நன்றாகத்தான் தொடங்கினான். முதல் சில பீஸ்களுக்குப் புது டை என்பதால் நிதானமாக, கை வெளியே வந்த பிறகு மிதித்தான். அடடா, மாதப்பன் மாதிரியே ஓட்டுகிறானே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு கை பழகிவிட்டது. அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்து, நேற்றைய மேட்சைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

வலது கை, மணிக்கட்டு வரை.

அவன் கத்தவில்லை. பீஸ் எங்கே விழுந்தது என்று தேடுகிறவன் மாதிரி டையைக் குனிந்து பார்த்தான். நான்தான் ஓடிப்போய்ப் பிரஸ்ஸை நிறுத்தினேன், துண்டால் இறுக்கிக் கட்டினேன், வண்டியில் அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்று என்னை எல்லோரும் மெச்சினார்கள். கூட்டம் கூடிய நேரத்தில் விளக்கின் மேலிருந்த துணியை யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் எடுக்கவில்லை.

இப்போது அவனுக்கு வேலை இல்லை. உங்கள் அறிக்கையால் கிடைக்க வேண்டிய நஷ்டஈடும் நிற்கிறது. அவன் மனைவி மாதேஸ்வரி ரோஜாப் பண்ணைக்குப் பூ வெட்டப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவன் என் வீட்டுக்கு வந்துவிடுகிறான். வராதே என்று எப்படிச் சொல்வது? உயிரைக் காப்பாற்றிய அண்ணன் என்று என் வீட்டுக்காரியிடமே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

வந்ததும் அணிதான் பேச்சு. ஆட்டக்காரர்களை விரல்விட்டு எண்ணுவது அவன் பழக்கம். ஐந்து பேர் வரை அவன் இடது கையில் எண்ணுவான். அதோடு கை தீர்ந்துவிடும். ஒரு கணம் வலது மணிக்கட்டின் முனையைப் பார்ப்பான். பிறகு, “உங்க கையக் கொஞ்சம் குடுங்கண்ணா” என்று என் வலது கையை இழுத்து மடியில் வைத்து, ஆறாவது ஆளிலிருந்து என் விரல்களை மடக்குவான். இழுத்துக்கொள்ள முடியாது. பத்தாவது ஆளோடு என் விரலும் தீர்ந்து, மூடிய என் கையை அப்படியே பிடித்தபடி பதினோராவது ஆளைப் பற்றி யோசிப்பான். எனக்குப் பயமாக இருக்கிறது சார். டீவியில் ஆட்டக்காரர்கள் கையுறையைக் கழற்றும்போது நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். உள்ளே கை இருக்காதோ என்று தோன்றுகிறது.

அவன் அணியும் மாறிவிட்டது. போன ஞாயிறு பட்டோடியைக் கேப்டனாகப் போட்டான். பதினோராவது ஆளாகச் சந்திரசேகர்.

“ஒரு கண்ணு தெரியாம ஒருத்தரு ஆடுனாரு. போலியோல சூம்புன கையிலயே ஒருத்தரு பந்து போட்டாரு. நீங்க சொன்னதுதாண்ணா சரி. பழைய ஆளுங்கதான் ஆளுங்க” என்றான்.

இத்தனை வருட வாதத்தில் நான் ஜெயித்தேன். இந்த வருட ஆயுதபூஜையில் அணிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நான் மட்டும் மனசுக்குள் எடுத்துப் பார்த்தேன். விரல் முழுசாக இல்லாதவனைச் சேர்க்க வழக்கமில்லை, என்ன செய்வது? அந்த இடத்தில் என்னைப் போட்டுக்கொண்டேன்.

சென்சாரை அவன் நிறுத்தவில்லை, நான்தான் நிறுத்தினேன். அறிக்கையில் அதைத் திருத்துங்கள். கெடுதல் நினைத்துச் செய்யவில்லை, ஒரு காலத்தையும் இன்னொரு காலத்தையும் நியாயமாக ஒப்பிட்டுப் பார்க்கச் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நீங்கள் கேட்பது புரிகிறது. ஹெல்மெட் போடாமல் ஆடியவருக்குத் தன் தலையில் ஹெல்மெட் இல்லை என்பது தெரியும், ராஜசேகருக்குத் தெரியுமா என்கிறீர்கள். நல்ல கேள்வி. எங்கள் ஷாப்பில் இதை யாரும் கேட்டதில்லை. அவனிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் கையை வைத்திருக்க மாட்டானே, சார்.