கனடாவுக்குச் சொன்ன கோல்கள்

— எட லவன், நாளைக்கு ஒருக்கா முன்னுக்குப் போய் ஒரு கோல் போட்டால் குறைஞ்சா போவாய்?

— அப்பா, நான் டிபென்ஸ். ஐஸ் ஹொக்கியிலை கோல் விழாமல் மறிக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். பதினாலு வருசமா அதைத்தான் செய்யிறன்.

— கடைசி மாட்ச்தானேடா. ஆர் உன்னைக் கேக்கப் போகினம்?

— கோச் கேப்பார். இப்ப என்ன திடீரெண்டு கோல் ஆசை? றோலி, அப்பா, றோலி, இஞ்சத்தை வெள்ளையள் சொல்லுற மாதிரி. பதறாமல் சொல்லுங்கோ. எயாப்போட்டுக்கு இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கு.

— கனடாப் பெரியப்பா பிளேனாலை இறங்கினோடனை கேப்பாரடா.

— என்னத்தை?

— நூற்றிப்பன்னிரண்டை.

— என்ன நூற்றிப்பன்னிரண்டு?

— உன்ரை கோல்.

— அப்பா! நான் போட்டது ரெண்டு! அதிலை ஒண்டு அவங்கடை கோல்கீப்பர் சறுக்கி விழுந்ததாலை போனது!

— றோட்டைப் பாத்துக் காரை ஓடு. நான் வேணுமெண்டு செய்யேல்லை. நீ கிளப்பிலை சேர்ந்த வருசம் அண்ணை ரெலிபோனிலை கேட்டார், பெடியன் எத்தினை கோல் எண்டு. அவரின்ரை மகள் அப்பதான் டொக்டராகியிருந்தாள். வாயிலை ஒன்பது எண்டு வந்திட்டுது. பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை அது தன்ரை பாட்டிலை வளந்திட்டுது.

— கனடாவிலை இருக்கிற மனிசனுக்கு, அங்கை சின்னப்பிள்ளையளும் விளையாடுற ஐஸ் ஹொக்கியிலையோ பொய் சொன்னனீங்கள்? கிரிக்கெட்டிலை சொல்லியிருக்கலாமே!

— நக்கலடிக்காதை.

— உங்களுக்கு வெக்கமோ அப்பா? மகன் மறிக்கிறவன் எண்டு சொல்ல?

— விசர்க்கதை கதையாதை. மூண்டு பல்லு, ஒரு தோள்மூட்டு, முழங்காலிலை ரெண்டு ஒப்பரேசன். அந்தக் கறுத்த வட்டு கல்லு மாதிரி வரேக்கை நீ குறுக்கை விழுவாய். நான் கண்ணை மூடிப்போடுவன். அதை அண்ணைக்கு எப்பிடியடா சொல்லுறது? அடி வாங்கினான், அதாலை வெண்டாங்கள் எண்டோ? கோல் எண்டால் ஆருக்கும் விளங்கும்.





— நீங்கள் கண்ணை மூடுறது எனக்குத் தெரியாது.

— சரி, நான் முடிவெடுத்திட்டன். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியாலை வந்த உடனையே சொல்லப்போறன். அண்ணை, எல்லாம் பொய், ரெண்டே ரெண்டுதான் எண்டு. இருபது வருசத்துக்குப் பிறகு பாக்கிறம், முகத்தைத் திருப்பினால் திருப்பட்டும்.

— வேண்டாம் அப்பா. சொல்லாதேங்கோ.

— நாளைக்கு மாட்சைப் பாத்தால் பிடிபடுவன்தானேடா!

— நூற்றிப்பன்னிரண்டு எனக்கு முதலே தெரியும், சும்மா தெரியாத மாதிரிக் கேட்டனான். பெரியப்பா முதல் வருசத்திலையிருந்து என்ரை மாட்ச் ஒண்டும் விடாமல் கொம்பியூட்டரிலை பாக்கிறார். நான்தான் லிங்க் அனுப்பிறனான். ஞாயிற்றுக்கிழமையிலை அப்பா கோல் கணக்குச் சொல்லேக்கை குறுக்கை ஒண்டும் கேளாதேங்கோ எண்டு அவரிட்டைச் சொல்லி வைச்சதும் நான்தான்.