இன்னொரு தடவ பாருங்க சிஸ்டர்

இல்லைங்க சிஸ்டர், காபி குடிக்கல. காலைலேர்ந்து வெறும் தண்ணிதான். பாத்ரூமும் போயிட்டு வந்துட்டேன், அடக்கிக்கிட்டு உக்காந்தாலும் பிரஷர் ஏத்திக் காட்டும்னு தெரியும். காலா? அட, கால் மேல கால் போட்டிருக்கேனா. எறக்கிட்டேன். நாள் பூரா ஜிம்ல இதத்தான் கத்திக்கிட்டு இருக்கேன், பாதம் ரெண்டும் தரையில இருக்கணும், முதுகு சாஞ்சிருக்கணும், கை நெஞ்சு மட்டத்துல இருக்கணும்னு. ஊருக்குத்தான் உபதேசம்.

பேசக் கூடாதா. சரி, பேசல.

காத்து ஏத்தறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். போன தடவையும் அதுக்கு முன்னாடியும் கூடக் காட்டினது பதட்டத்தாலயா இருக்கும். எனக்கு ஆஸ்பத்திரி வாசனையே ஆகாது. ரத்தம் எடுக்கறப்ப மூஞ்சியத் திருப்பிக்கிட்டேனே, நீங்கதான் சிரிச்சீங்க, இவ்ளோ பெரிய கைக்கு இத்துனூண்டு ஊசியான்னு. ஏறுது ஏறுது. சரி, வாய மூடிட்டேன்.

எவ்ளோ? நூத்தம்பதத் தாண்டிருச்சா.

பேசினதாலதான் சிஸ்டர். பேசினா ஏறும். இன்னொரு தடவ பாருங்க. அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரணுமா, உக்கார்றேன். நீங்க அந்தப் பேப்பர்லாம் அடுக்குங்க, நான் மெதுவா, எனக்கே கேக்காத மாதிரி பேசிக்கறேன். வாய் சும்மா இருந்தா மனசு எங்கயோ போகுது.

ஆமா, இன்னிக்கும் பிரஷர் கூட இருந்தா டாக்டர் என்ன விட்டுடுவாருன்னு தெரியும். இது மூணாவது தடவ, பிரஷர் உள்ளவன்கிட்ட கிட்னி எடுக்கறது நாளைக்கு அவனுக்கே ஆபத்துன்னு சொன்னாரு. நியாயம்தான்.

வெளியில உக்காந்திருக்காளே, நீலக் கலர் துப்பட்டா, அவதான் அக்கா. உங்களயும் சிஸ்டர்ங்கறேன், அவளும் சிஸ்டர், ரெண்டு சிஸ்டருக்கு நடுவுல மாட்டிக்கிட்டேன். ஸ்கூல் வேன் ஓட்டிக்கிட்டு இருந்தா. அவ ஹாரன் அடிச்சா தெருவுல பல்லு வெளக்கிக்கிட்டு இருக்கற புள்ளைங்க கூட ஓடி வரும். இப்ப வேன் வேற ஆள்கிட்ட. ரெண்டு கிட்னியும் வேல செய்யல, நாள் விட்டு நாள் மெஷின்ல ரத்தத்தச் சுத்தம் பண்ணிக்கறா. இடது கைல அதுக்குன்னு நரம்ப இணைச்சு விட்டிருக்காங்க. தொட்டுப் பாத்தா உள்ள செல்போன் அதிர்ற மாதிரி சதா அதிரும். அந்தக் கைல பிரஷர் பாக்கக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா.

வீட்டுல எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தாங்க. மாமாவுக்கு, அக்கா புருஷனுக்கு, சக்கர. சின்னவளுக்கு, எங்க தங்கச்சிக்கு, ரத்தம் சேரல. கல்யாணத்துக்குப் பொருத்தம் பாக்கற மாதிரி பாத்துப் பாத்து, கடைசில எனக்கு எல்லாப் பொருத்தமும் இருக்குன்னுட்டாங்க. அன்னிக்கு மாமா என் கையப் புடிச்சவரு விடவே இல்ல. கல்லு மாதிரி உடம்பு, இவன் குடுத்தா அவ நூறு வயசு இருப்பான்னாரு. நான் சிரிச்சேன். போட்டோ புடிக்கறப்ப சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

ஜிம் மாஸ்டருக்கே பிரஷரான்னு கேக்காதவங்க இல்ல. நம்ம ஜிம் ஒரு டயர் கடைக்கு மேல இருக்கு, படி ஏறி வரதே பாதி உடற்பயிற்சி. வாசல்ல என் போட்டோதான் போர்டு. நாற்பது தாண்டினவங்கதான் நெறைய வராங்க, டாக்டர் நடக்கச் சொன்னாரு, எடையக் கொறைக்கச் சொன்னாருன்னு. வெயிட்ட விட மூச்சத்தான் மொதல்ல சொல்லிக் குடுப்பேன். தூக்கறப்ப மூச்ச அடக்காதீங்க, அடக்கினா அந்த நேரத்துக்குப் பிரஷர் குபீர்னு ஏறும், ஊதிக்கிட்டே தூக்குங்கன்னு. உப்பக் கொறைக்கச் சொல்லுவேன். உற்சாகத்துக்குன்னு விக்கறாங்களே பவுடர், அதக் கிட்டயே சேர்க்க விடமாட்டேன், பாதி டப்பா காபியோட சத்துதான். மாத்திரைய மட்டும் யாரையும் நிறுத்தச் சொன்னதில்ல, அது டாக்டர் வேல.

பீட்ரூட் ஜூஸ் நல்லதுன்னு ஒரு பேங்க் மேனேஜர்கிட்டச் சொன்னேன். மறுநாள் காலைல போன். மாஸ்டர், செவப்பாப் போகுது, பொண்டாட்டிகிட்ட எல்லாத்தயும் சொல்லிட்டேன், நகை எங்க இருக்குன்னு கூடச் சொல்லிட்டேன்னு அழறாரு. பீட்ரூட் கலர் சார் அதுன்னேன். உயிர் தப்பிச்சதுக்குச் சந்தோஷப்படாம, ஐயோ நகை இருக்கற எடத்தச் சொல்லிட்டேனேங்கறாரு.

நீங்க சிரிச்சா நான் பேசுவேன், பாத்துக்கங்க.

அக்காதான் சிரிக்க மாட்டேங்கறா. எனக்குப் பிரஷர்னு தெரிஞ்சதுலேர்ந்து அவ நோய மறந்துட்டா. அவளுக்கு உப்பில்லாமச் சமைக்கறதுல எனக்கும் சேத்துச் சமைச்சு டப்பால கொண்டு வந்துடறா. என் பொண்டாட்டிகிட்ட, ஊறுகாய அவன் கண்ணுல காட்டாதன்னு சண்ட. மெஷின்ல படுத்து எந்திரிச்ச அன்னிக்கு அவளுக்கு உடம்பு புழிஞ்ச துணி மாதிரி ஆயிடும், அன்னிக்கும் சாயந்தரம் வந்து நிப்பா, வா நடக்கலாம், நடந்தா எறங்கும்னு நீதானடா சொல்லுவன்னு. நாலு வீடு தாண்டறதுக்குள்ள மூச்சு வாங்கும். நின்னுப்பா. நான் நின்னா, நீ போடா, நீ நிக்காதங்கறா.

இப்பக் கூட வெளில, என் கையப் புடிச்சுக்கிட்டு, மெதுவா இழு, அதவிட மெதுவா விடுன்னு சொல்லிக் குடுக்கறா. எனக்கு. அந்தக் கை அதிர்றது என் கைக்குத் தெரியுது.

முந்தாநேத்து டாக்டர்கிட்டயே கேட்டிருக்கா, தம்பிக்குப் பிரஷர்னா அவனோடது வேண்டாம், அவனுக்கு மருந்து குடுங்க மொதல்லன்னு. மாமாதான் சொன்னாரு. சொல்லிட்டு என்னத் தட்டிக் குடுத்தாரு. திட்டியிருக்கலாம்.

என்ன சிஸ்டர்? குடுக்க மனசில்லன்னா அப்படியே சொல்லலாமா? காரணம் வீட்டுக்குத் தெரியாதா? உடம்பு ஒத்துக்கலன்னு டாக்டரே சொல்லிடுவாரா, வேற ஒரு வார்த்த சொல்ல மாட்டாரா.

மொதல் நாளே தனியாக் கூப்பிட்டு இதையேதான் சொன்னாங்களா. நான் தலையாட்டினேனா. ஆட்டியிருப்பேன். காதுல ஒண்ணும் ஏறல. கத்தி எவ்ளோ தூரம் கிழிக்கும்ங்கறதுலயே நின்னுட்டேன் அன்னிக்கு.

அப்ப இத்தனையும் வேண்டியதே இல்ல.

இல்ல, எனக்குள்ளயே சொல்லிக்கிட்டேன். நீங்க அந்த மிச்சக் கேள்வியக் கேளுங்க. சளி மாத்திரையா, இல்ல. வலி மாத்திரை இல்ல. சிகரெட், குடி, தொட்டதே இல்ல. நாட்டு மருந்து, வேர், மூலிகையா.

போன ரெண்டு தடவையும் இல்லன்னு சொன்னேன்ல. அத அடிச்சிடுங்க.

அதிமதுரம்.

தொண்டைக்கு இல்ல சிஸ்டர். தொண்டைக்கு என்ன கேடு, நல்லாத்தான் இருக்கு. கொதிக்க வெச்சு, கட்டியா, காலைலயும் சாயந்தரமும் குடிக்கறேன். இங்க மொதல் தடவ வரதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. தெரியாமயா? நல்லாத் தெரியும். நம்ம ஜிம்ல ஒரு வாத்தியார் இருமலுக்குன்னு இத வாயில போட்டு மென்னுக்கிட்டே இருப்பாரு, என்ன பண்ணியும் அவருக்குப் பிரஷர் எறங்கல. நாந்தான் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிச்சேன், டாக்டரும் ஆமான்னாரு, நிறுத்தினதும் எறங்கிச்சு. ஏத்தத்தான் குடிச்சேன். வேண்டாம்னு அக்கா மூஞ்சியப் பாத்துச் சொல்ல வாய் வரல, பிரஷர் சொல்லட்டும்னு விட்டுட்டேன்.

பயம். வேற என்ன.

எழுதிட்டீங்களா. நிறுத்தினா எறங்க எத்தன நாளாகும்? ரெண்டு வாரம் ஆனாலும் ஆகுமா. ரெண்டு வாரமும் அவளுக்கு மெஷின்தான். இல்ல, நீங்க கூப்பிடாதீங்க, நானே போய்ச் சொல்றேன், அதச் சொன்னாத்தான் குடுக்கறதப் பத்திப் பேச எனக்கு வாய் வரும். கைல சுத்தின பட்டைய மட்டும் கழட்டி விடுங்க.

போன வாரம் வேர் தீந்துபோச்சு சிஸ்டர். பாத்திரத்த மோந்து பாத்துட்டு, எனக்குத் தொண்ட கட்டியிருக்கு போலன்னு நெனச்சு, அக்காதான் போய் வாங்கிட்டு வந்தா.