பனி உருகும்போது வருகிறவர்

தெக்லா: சர்ச்சுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள வாசல்ல என்னடி இவ்வளவு ஈரம்? வாளியைக் கவுத்துட்டியா?

ஹல்ஷ்கா: நான் இல்ல அத்தை. ஒருத்தர் வந்தார். அவரு பூட்ஸ்லேர்ந்து சொட்டினது.

தெக்லா: யாரு?

ஹல்ஷ்கா: தெரியாது. உங்க மகன் வயசுதான் இருக்கும். ஏர்லனாவ் இதுதானான்னு கேட்டார். அப்படி ஒரு ஊரே இல்ல, இது ஒல்ஷிங்கான்னேன்.

தெக்லா: ஏர்லனாவா... ஜெர்மன்காரங்க இருந்தப்போ இந்த ஊருக்கு அதுதான்டி பேரு. எந்தப் பக்கமிருந்து வந்தார்?

ஹல்ஷ்கா: ஏரிப் பக்கம்.

தெக்லா: பனி உருகுற மாசத்துல, ஏரி மேல நடந்தா? ஏசுவே, மரியாவே!

ஹல்ஷ்கா: சும்மா இருங்க அத்தை. டவுன்காரி, எதைச் சொன்னாலும் நம்புவான்னு...

தெக்லா: விளையாட்டில்லடி. யுத்தம் முடிஞ்சு எங்கம்மா கிழக்கேயிருந்து சரக்கு ரயில்ல வந்து இந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சப்போ, அடுப்புல கஞ்சி கொதிச்சுக்கிட்டு இருந்துச்சாம். அன்னைக்குத்தான் இங்க இருந்த ஜெர்மன் குடும்பத்தைத் துரத்தியிருக்காங்க. அக்கரை ஸ்டேஷனுக்குக் குறுக்கு வழின்னு உறைஞ்சு கிடந்த ஏரி மேல போயிருக்காங்க.

ஹல்ஷ்கா: ஐயோ! பனி உடைஞ்சிடுச்சா?

தெக்லா: போனவங்க பத்திரமா அக்கரை சேர்ந்துட்டாங்க. திரும்பி வந்தவருக்குத்தான் உடைஞ்சுது.

ஹல்ஷ்கா: எதுக்குத் திரும்பினார்?

தெக்லா: காய்ச்சல்ல கிடந்த பச்சைப்பிள்ளையை விட்டுட்டுப் போயிட்டாங்க. மனசு கேக்கல, எடுக்க வந்தார். அதான் வருஷா வருஷம் வர்றார். உன்கிட்ட என்ன கேட்டார்? மறைக்காம சொல்லு.

ஹல்ஷ்கா: ...குழந்தை இருக்கான்னு.

தெக்லா: நீ?

ஹல்ஷ்கா: கஜிக் தூங்குறான்னு...

தெக்லா: பாவி! 'அம்மா தூக்கிட்டுப் போயாச்சு, ஏரி வழியாப் போய்ப் பாருங்க'ன்னு சொல்லணும்டி! இந்த ஊர்ல அத்தனை வீட்டுலயும் அதைத்தான் சொல்லுவோம்!

ஹல்ஷ்கா: எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

தெக்லா: சரி... சரி, என் புத்தியைச் சொல்லணும். கேட்டுட்டுப் போயிட்டார்ல?

ஹல்ஷ்கா: குளிர்ல நடுங்கினார் அத்தை... பாவமா இருந்துச்சு. உள்ள கூப்பிட்டேன். கஜிக்கைத் தொட்டில்ல ஆட்டிக்கிட்டு இருக்கார். ஐயோ, எம்புள்ள! வழியை விடுங்க!

தெக்லா: நில்லு! நீ போய்ப் பிடுங்கினா பிள்ளையோட ஏரிக்குப் போயிடுவார். நான் போறேன்.

ஹல்ஷ்கா: உங்களைக் கண்டா மட்டும் விட்டுடுவாரா?

தெக்லா: விட்டுடுவார்டி. அன்னைக்குத் தொட்டில்ல காய்ச்சலோட கிடந்தது நான்தான்; எங்கம்மா என்னை எடுத்து வளர்த்தவங்க. இத்தனை வருஷமா வாசல்லயே பொய் சொல்லி நான் திருப்பி அனுப்பினது, என்னைப் பெத்தவரை.