பெக்கோ மாட்டேண்டு சொல்லிச்சு

றிஸ்மின்: மூடியத் தொறக்காதீங்க பாஸ், மூஞ்சி வெந்துடும்!

அன்ரனிப்பிள்ளை: முப்பத்தொரு வருஷமா மெக்கானிக் பாஸா ரேடியேட்டர் மூடி தொறக்கிறன். என்ட மூஞ்சி இன்னும் இருக்குத்தானே?

றிஸ்மின்: இரிக்கு... வெந்த மாதிரித்தான் இரிக்கு.

அன்ரனிப்பிள்ளை: வாயக் குறை. இந்த மண் வெட்டுற பெக்கோவ ஓட்டுறது நீதானே? சொல்லு, எப்ப இருந்து சூடாகுது?

றிஸ்மின்: நேத்து காலயில இருந்து. ஸ்டார்ட் பண்ணிக் கால் மணித்தியாலம், ஊசி செவப்புக்குப் போய்ட்டு. நிப்பாட்டினேன். ஆறினாப் பொறகு திரும்ப ஸ்டார்ட்... திரும்பச் செவப்பு. பக்கட்ட மண்ணுல வைக்கவே ஏலல்ல.

அன்ரனிப்பிள்ளை: ரெண்டு நாளா ஒரு பிடி மண்ணும் எடுக்கல்லியா?

றிஸ்மின்: பாருங்களேன். பாத அப்படியே கெடக்கு.

அன்ரனிப்பிள்ளை: அத ஏன்டா சிரிச்சிக்கொண்டு சொல்ற?

றிஸ்மின்: நானா? கவலயில செல்றேன் பாஸ். என்ட மூஞ்சே அப்படித்தான்.

அன்ரனிப்பிள்ளை: பாயிஸ் முதலாளி போன்ல துள்ளுறார். பொழுது பட முந்தி கான் வெட்டி முடியணுமாம். இந்த வேலியில இருந்து அந்த வேலி மட்டும், நாலடி ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரி.

றிஸ்மின்: ஓம். கரைக்குப் போற ஒரே பாத இது. நடுவால கான் வெட்டினா வல கொண்டுபோற ட்ரெக்டரும் போகாது, மீன் ஏத்துற லொறியும் வராது. இந்த வேலயக் குடுத்த ஹோட்டல்காரனுக்குக் கடல் தனியா வேணுமாம்.

அன்ரனிப்பிள்ளை: அதுக்கு ஏன் இண்டைக்கே?

றிஸ்மின்: நாளைக்கு கோட்டுல கேஸ். கரைவலக்காரங்க போட்டது. பாதய மூடப்படாதெண்டு நாளைக்குத் தடை கெடைக்கும். அதுக்கு முந்தி வெட்டிட்டா, "எங்க பாத? கான்தானே கெடக்கு" எண்டு செல்லலாம்.

அன்ரனிப்பிள்ளை: நல்லா விசாரிச்சு வச்சிருக்கிற.

றிஸ்மின்: மெஷின் ஓடல்ல, நான் சும்மாதானே இரிக்கிறேன். கத கேக்குறேன்.

அன்ரனிப்பிள்ளை: ம்... தண்ணி நிறைய இருக்கு. என்ன தண்ணி ஊத்தின? உப்புக் களப்புல அள்ளி ஊத்தினியா?

றிஸ்மின்: அல்லாவே, எனக்கு மண்டயில ஒண்டுமில்லயா? நல்ல தண்ணி. பள்ளிக் கெணத்துத் தண்ணி.

அன்ரனிப்பிள்ளை: போன வருஷம் பாலாவியில ஒருத்தன் உப்பு வாய்க்கால்ல வாளிய முக்கி ஊத்தினான். ரேடியேட்டரத் தொறந்தன், உள்ளுக்கு உப்பு வெளைஞ்சிருக்கு. சாக்குல கட்டி விக்கலாம்.

றிஸ்மின்: ...சாக்கெல்லாம் எதுக்கு பாஸ் இப்ப.

அன்ரனிப்பிள்ளை: பெல்ட்ட அமத்திப் பாப்பம்... பெல்ட் இறுக்கம். ஒயிலக் காட்டு. ஒயிலும் சுத்தம், தண்ணி கலக்கல்ல. ஸ்டார்ட் பண்ணு.

றிஸ்மின்: திரும்பச் சூடாகிடும் பாஸ்...

அன்ரனிப்பிள்ளை: பண்ணுடா. ...பம்ப்ல சத்தமில்ல. பேன் நல்லாச் சுத்துது. ஆனா காத்து இழுக்கல்லியே. நிப்பாட்டு. றிஸ்மின், ரேடியேட்டருக்கு முன்னால என்ன?

றிஸ்மின்: மணல் பாஸ். கடக்கர மணல்.

அன்ரனிப்பிள்ளை: மணல்ல "சீனி ஐம்பது கிலோ" எண்டு எழுதியிருக்குமா?

றிஸ்மின்: ...காத்துக்கு வந்து ஒட்டியிரிக்கும்.

அன்ரனிப்பிள்ளை: காத்து சாக்க நாலா மடிச்சு, கம்பி போட்டுக் கட்டிட்டும் போகுமா?

றிஸ்மின்: எங்கட ஊர்க் காத்து பலமானது பாஸ்.

அன்ரனிப்பிள்ளை: கீழ எறங்கு.

றிஸ்மின்: இங்க இருந்தே கேக்குது...

அன்ரனிப்பிள்ளை: எறங்குடா! உனக்குச் சோறு போடுற மெஷின்ட மூச்ச அடைக்கிறியா? எஞ்சின் இறுகியிருந்தா?

றிஸ்மின்: இறுக வுடல்ல. ஊசி செவப்புல முட்டினதும் நிப்பாட்டிட்டேன். கொல்லல்ல பாஸ், காய்ச்சல் மட்டும்தான்.

அன்ரனிப்பிள்ளை: வெட்ட விருப்பமில்லாட்டி மாட்டேண்டு நேர சொல்லியிருக்கலாமே.

றிஸ்மின்: நான் மாட்டேண்டு செல்லி எறங்கினா, பத்து நிமிஷத்துல வேறொருத்தன் ஏறுவான். எனக்குப் பதிலா ஆள் ஊர் நெறய இரிக்கு. மெஷின் மாட்டேண்டு செல்லணும் பாஸ். இன்னொரு மெஷின் கொண்டுவர பெரிய லொறி வேணும். அது நாளைக்குப் பின்னேரம்தான் வரும்.

அன்ரனிப்பிள்ளை: முதலாளிக்கு நான் சொல்லத்தான் போறன்.

றிஸ்மின்: செல்லுங்க. நம்பர நானே அமத்தித் தாறேன். வேல போனாப் போகட்டும். பக்கட்டுக்கு முன்னால படுத்துக்கிறேன். எவன் ஏறினாலும் என்னயும் சேத்து வெட்டட்டும்.

அன்ரனிப்பிள்ளை: ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன் பேசுற பேச்சா இது?

றிஸ்மின்: அந்த ரெண்டும் திங்கிற மீன் எந்தப் பாதயால வருது? நீங்க மட்டும் என்ன... ஒங்கட தங்கச்சி பவுலினாட மாப்பிள்ள இந்தக் கரயிலதானே வல இழுக்கிறாரு?

அன்ரனிப்பிள்ளை: மச்சான் வேற, மெஷின் வேற. என்ட வீட்டுக் கதைய இங்க எடுக்காத.

றிஸ்மின்: பவுலினாக்கா மீன் கூடயத் தூக்கிக்கிட்டு கானுக்கு மேலால பாயவா போறா?

அன்ரனிப்பிள்ளை: வாய மூடு எண்டன்! சாக்க அவிழ். இங்க கொண்டா. இப்ப ஸ்டார்ட் பண்ணு.

றிஸ்மின்: பாஸ், சாக்க எடுத்தா ஆறிடும். ஆறினா நான் வெட்டணும்.

அன்ரனிப்பிள்ளை: பாக்கணும். ஸ்டார்ட் பண்ணு.

றிஸ்மின்: முப்பத்தொரு வருஷம் மெஷினோடயே இரிந்து ஒங்களுக்கும் எரும்பு மனசாப் போச்சு.

அன்ரனிப்பிள்ளை: எரும்பு இல்லடா, இரும்பு. கோவத்துல நாக்குப் புரளுது. பண்ணு.

றிஸ்மின்: பண்ணிட்டேன், போதுமா? ...ஓடுது. நல்லா ஓடுது. சந்தோஷமா? ...ஊசி நடுவுல நிக்குது.

அன்ரனிப்பிள்ளை: இன்னும் கொஞ்சம் விடு.

றிஸ்மின்: ...பாஸ்.

அன்ரனிப்பிள்ளை: என்ன?

றிஸ்மின்: ஏறுது.

அன்ரனிப்பிள்ளை: ஏறட்டும்.

றிஸ்மின்: செவப்பு பாஸ்! சாக்கு இல்லியே... சாக்கு ஒங்கட கையில!

அன்ரனிப்பிள்ளை: நிப்பாட்டு, நிப்பாட்டு.

றிஸ்மின்: வல்லாஹி, நான் சாக்கு மட்டும்தான் கட்டினேன். வேற ஒண்டையும் தொடல்ல. மெய்யாவே பழுதாக்கிட்டேனா?

அன்ரனிப்பிள்ளை: ம்...

றிஸ்மின்: இந்த மேல் ஹோஸத் தொட்டுப் பாருங்க. எஞ்சின் இந்தக் கொதி கொதிக்குது, ஹோஸ் குளுகுளுண்டு இரிக்கு! சூட்டுத் தண்ணி ரேடியேட்டருக்கு வரவேயில்ல. தெர்மோஸ்டாட் தொறக்கல்ல பாஸ். அத மாத்த அர மணித்தியாலம் போதாதா?

அன்ரனிப்பிள்ளை: கைய எடு. நீ பாஸா, நான் பாஸா?

றிஸ்மின்: போன் அடிக்குது. முதலாளி.

அன்ரனிப்பிள்ளை: ஸ்பீக்கர்ல போடு. நீ வாய் தொறக்கப்படாது. ...ஹலோ முதலாளி.

பாயிஸ் முதலாளி: என்ன பாஸ், ஓடுதா? ஹோட்டல்காரன் என்ட உசுர வாங்குறான்.

அன்ரனிப்பிள்ளை: ஓடாது. ஹெட் கேஸ்கட் போய்ட்டு.

பாயிஸ் முதலாளி: என்ன செல்றீங்க? போன கெழம நல்லா இரிந்த மெஷின்!

அன்ரனிப்பிள்ளை: போன கிழமை நல்லா இருந்தது. இந்தக் கிழமை இல்ல. ஹெட்டக் கழட்டணும், மட்டம் பாக்க கொழும்புக்கு அனுப்பணும். பழைய மாடல், கேஸ்கட்டும் தேடணும். பத்து நாள் பிடிக்கும்.

பாயிஸ் முதலாளி: பத்து நாளா! இண்டக்கி ஒரு பொழுது மட்டும்... தண்ணிய ஊத்தி ஊத்தி ஓட்ட ஏலாதா?

அன்ரனிப்பிள்ளை: ஓட்டலாம். எஞ்சின் இறுகினா புது எஞ்சின் வாங்கித் தருவானா எண்டு ஹோட்டல்காரன்ட கேளுங்க.

பாயிஸ் முதலாளி: ...அந்த றிஸ்மின் ஏதும் வேல காட்டினானா?

அன்ரனிப்பிள்ளை: அவனா? போனெட் எந்தப் பக்கம் தொறக்கும் எண்டே அவனுக்குத் தெரியாது.

பாயிஸ் முதலாளி: வேற ஒரு பாஸக் கூட்டிட்டு வந்து காட்டட்டா?

அன்ரனிப்பிள்ளை: தாராளமா. ஆனா இதுக்குள்ள வேறொருத்தன் கை வச்சா, உங்கட ஆறு மெஷினுக்கும் அவனையே வச்சுக்கொள்ளுங்க. என்னைத் தேடி வரப்படாது.

பாயிஸ் முதலாளி: அதுக்கு ஏன் கோவப்படுறீங்க? அப்ப ஹோட்டல்காரனுக்கு நான் என்னத்தச் செல்ற?

அன்ரனிப்பிள்ளை: மெஷின் மாட்டேண்டு சொல்லிச்சு எண்டு சொல்லுங்க.

றிஸ்மின்: ...வச்சிட்டாரா?

அன்ரனிப்பிள்ளை: வச்சிட்டார். இப்ப மூச்சு விடு.

றிஸ்மின்: பாஸ்... எனக்காகப் பொய் செல்லிட்டீங்களே.

அன்ரனிப்பிள்ளை: உன்ட மூஞ்சிக்கா? போடா.

றிஸ்மின்: இல்ல, எனக்கு ஒண்டு தெரியணும். கேஸ்கட் பொய்தானே? கேஸ்கட் போனா ஒயில்ல தண்ணி கலந்திரிக்கும், ஒயில் சுத்தமெண்டு நீங்கதானே சென்னீங்க. அப்ப சாக்க எடுத்தும் ஏன் கொதிச்சிச்சு? நாளைக்குப் பொறகும் நான் இதுலதான் ஏறணும், மறைக்காமச் செல்லுங்க.

அன்ரனிப்பிள்ளை: திங்கக்கிழமை ஒயில் மாத்த வந்தன்தானே... அப்பவே தெர்மோஸ்டாட்டுக்குக் கீழ தண்ணிய மறிக்க மீன் டின் மூடிய வட்டமா வெட்டி வச்சிட்டன். எஞ்சின் செத்துடப்படாதெண்டு நடுவுல ஒரு சின்ன ஓட்டையும் போட்டு, அளந்து வச்ச வேலை அது. நாளைக்குத் தடை கிடைச்சதும் நானே வந்து கழட்டுவன். நீ முன்னால சாக்கு வேற கட்டுவாய் எண்டு எனக்கென்னடா தெரியும்? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா, ஆளுக்கு ஆள் தெரியாம ரெண்டு பேருமாச் சேந்து நல்லதொரு எஞ்சினச் சாகடிச்சிருப்பம்!